எவ்ளோக்கு குடுப்பீங்க?

"நல்லா இருக்கே, எவ்ளோக்கு குடுப்பீங்க?"

ஒட்டுப்போர்வை தைக்கிற யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பிக்க முடியாதுங்க. நானும் ஆறேழு வருஷமா கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். கல்யாண வீட்ல கேட்டிருக்காங்க. வில்லியனூர் போற பஸ்ல கேட்டிருக்காங்க. எங்க அத்தை (மாமியார்தான்) தவறினப்போ துக்கம் விசாரிக்க வந்த ஒருத்தங்க, கட்டில் மேல கெடந்ததைத் தூக்கிப் பாத்துட்டு, குரலைத் தாழ்த்திக்கிட்டு கேட்டாங்க. "விக்கறதில்லீங்க"ன்னு சொன்னா ஒரு பார்வை பாப்பாங்க பாருங்க... பாவம், இவளுக்கு வேற வேலை இல்ல போலன்னு.

இன்னிக்கு அந்தக் கேள்வியப் பத்தித்தான் பொலம்பல். பொறுமை இருக்கறவங்க மேல படிங்க, மத்தவங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க :-)

புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி. க்வில்ட்டுன்னா மூணு அடுக்கு. மேல துண்டுத்துணிகளச் சேத்துத் தைச்ச ஒட்டு, நடுவுல ஒரு கனம், அடியில ஒரு முழுத்துணி. மூணையும் சேத்து ஓட்டுத்தையல் போடணும். வெளிநாட்டுல நடுவுல பஞ்சு அடை வைக்கிறாங்க. அதை எங்க திருக்கனூர்ல சித்திரை மாசம் போத்திக்கிட்டுப் படுத்தா காலையில ஆம்புலன்ஸ்தான் வரணும். நான் வைக்கிறது பழைய வேட்டி. தோய்ச்சுத் தோய்ச்சு பூ மாதிரி ஆன வேட்டியா பாத்து வைப்பேன். மார்கழி பனிக்கு அது போதும், மத்த மாசத்துக்குக் கீழ விரிச்சுக்கலாம்.

இது ஏதோ வெள்ளக்காரங்க சமாச்சாரம்னு நெனைக்காதீங்க மக்களே. வங்காளத்துல காந்தா இருக்கு. வடகர்நாடகத்துல சித்தி இனப் பெண்கள் கவந்தின்னு ஒண்ணு தைக்கிறாங்க. ஓரத்துல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி உள்ளாற வந்து நடுவுல முடிப்பாங்க. நாலு மூலையிலயும் சின்னதா மடிச்சு ஒரு பூ வைக்கலேன்னா அது முழுசாகாது அவங்களுக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் தேர்ல தொங்குற தொம்பையும் துணி மேல துணி வெச்சுத் தைக்கிற வேலைதான். அட, அதெல்லாம் எதுக்கு, பழைய புடவைய நாலா மடிச்சு ஓரம் தைச்சு ஏணைக்குள்ள போடாத ஆயா உண்டா நம்ம ஊர்ல? அதுல அழகு பாத்து வைக்கல, அவ்ளோதான்.

சரி, கேள்விக்கு வருவோம்.

போன வருஷம் கடற்கரைப் பக்கம் தங்கும் விடுதி நடத்துற ஒருத்தங்க, உறவுக்காரங்க மூலமா ஆள் அனுப்பினாங்க. இருபது போர்வை வேணுமாம். எல்லாம் வெள்ளையும் நீலமும், எல்லாம் ஒரே மாதிரி. ஒண்ணுக்கு ஆயிரத்தைந்நூறு. ரங்கமணி மூஞ்சில ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க! முப்பதாயிரம். பாப்பா காலேஜ் சேர்ற வருஷம் வேற. அவர் கேட்டதுல தப்பே இல்ல. "எப்படியும் தைக்கத்தானே போற, அதையே காசுக்குத் தைச்சா என்ன?"ன்னார்.

நானும் பேப்பர் பேனா எடுத்து உக்காந்தேன். ஒரு போர்வை, அஞ்சடிக்கு ஏழரை அடி. துணி தோய்ச்சு, லேசா கஞ்சி போட்டு, இஸ்திரி பண்ணி, அட்டை வெச்சு அளவெடுத்து, சுத்திக் கால் இஞ்சு தையலுக்கு விட்டு வெட்டி, கால் மிஷின்ல ஒட்டை ஓட்டி, அப்புறம் மூணு அடுக்கையும் விரிச்சுக் கையால தைச்சு, ஓரம் கட்டி முடிக்க எனக்கு நூத்திப்பத்து மணி நேரம் ஆகுது. காலண்டர்ல கோடு போட்டு வெச்ச கணக்கு இது, குத்துமதிப்பு இல்ல. ஆயிரத்தைந்நூறை நூத்திப்பத்தால வகுத்தா மணிக்குப் பதிமூணு ரூபா சொச்சம். 2024-25ல நூறு நாள் வேலைக்கு நம்ம பக்கம் நாள் கூலி 319 ரூபா. எட்டு மணி நேரம்னு வெச்சாலும் மணிக்கு நாப்பது கிட்ட வருது. நான் கேக்கறதா இருந்தா கூலி மட்டுமே நாலாயிரத்து முன்னூறுக்கு மேல. நூல், துணி தனி. அதைச் சொன்னதும் வந்தவங்க சிரிச்சாங்க. "பழைய துணிதானேம்மா!"

இங்கதாங்க எனக்கு மண்டை சூடாகும். பழைய துணி, ஆக வேலையும் பழசு. வீட்ல இருக்கற பொம்பள, ஆக நேரம் சும்மா. ஒரு ரவிக்கைக்கு ஐம்பது ரூபா கூட கேட்டா எங்க தெருவுல ரவிக்கை தைக்கிற அக்காகிட்டயும் இதே பேச்சுதான். அவங்க ரெண்டு பிள்ளைய அந்த மிஷின்லயே படிக்க வெச்சவங்க. மணிக்கணக்கு பேசறது பேராசைன்னு யாராவது நெனச்சா, அவங்க இருக்கற ஊரைக் கொஞ்சம் திரும்பிப் பாக்கணும். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடினதுக்காக 1936 ஜூலை 30 அன்னிக்கு துப்பாக்கிச் சூட்டுல 12 மில் தொழிலாளிங்க செத்த ஊருங்க புதுச்சேரி. எங்க மாமனார் ஏ.எஃப்.டி. மில்லுல இருந்தவர். அந்த மில்லும் 2020ல மூடியாச்சு. அவர் பெட்டியில இருந்த மில் துணி ரெண்டு கஜம் இப்ப எங்கிட்ட ஒரு போர்வையோட அடித்துணியா இருக்கு.

ரங்கமணி விடல. "ரெண்டு பொண்ணுங்களக் கூலிக்கு வெச்சுக்க, நீ மேல இருந்து பாத்துக்க"ன்னார். அப்ப நான் தைக்கறவ இல்லையே, மேஸ்திரி ஆச்சே!

இந்த எடத்துல அமெரிக்காக் கதை ஒண்ணு சொல்லணும். கதை இல்ல, நெசம். அலபாமா மாநிலத்துல ஆறு வளைஞ்சு போற எடத்துல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊர். அடிமைகளா இருந்தவங்களோட வாரிசுங்க வாழுற ஊரு, ரொம்ப ஏழ்மை. குளிருக்கு, கிழிஞ்ச வேலைச் சட்டை, பேண்ட் எல்லாத்தையும் வெட்டி ஒட்டுப்போர்வை தைச்சாங்க அந்த ஊர்ப் பெண்கள். 1966ல அந்த வட்டாரப் பெண்கள் சேந்து ஃப்ரீடம் க்வில்டிங் பீன்னு ஒரு கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சாங்க. ஓட்டுரிமைக்காக அந்தப் பக்கம் கறுப்பின மக்கள் வேலையையும் வீட்டையும் இழந்துக்கிட்டிருந்த காலம் அது. பெரிய கடைங்ககிட்டேருந்து ஆர்டர் வந்துச்சு. ஆனா கடைக்காரனுக்கு எல்லாம் ஒரே அளவு, ஒரே டிசைன், நேர் தையலா வேணும். மனசுபோன போக்குல தைச்ச கைங்களுக்கு அது ஒத்து வரல, பலர் விலகியே இருந்தாங்க. 1972ல சியர்ஸ் கம்பெனிக்கு கார்டுராய் துணியில தலையணை உறை தைக்கிற ஆர்டர். அதுல மிஞ்சின வெட்டுத்துணிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி, ராத்திரில தங்களுக்குன்னு போர்வை தைச்சாங்க.

2002ல ஹூஸ்டன் மியூசியத்துல ஆரம்பிச்சு, அப்புறம் நியூயார்க் விட்னி மியூசியத்துல, அந்த ஊர்ப் போர்வைங்கள சுவத்துல மாட்டினாங்க. நவீன ஓவியம் மாதிரி இருக்குன்னு ஜனம் வாயப் பொளந்துச்சு. 2006ல தபால்தலையே வந்துச்சு. அங்க தொங்கினதுல அந்த மிச்சத் துணிப் போர்வைங்களும் உண்டு. சியர்ஸ் தலையணை உறை ஒண்ணாவது இப்ப யாராவது ஞாபகம் வெச்சிருக்காங்களா?

ஆனா இதை வெச்சுக்கிட்டு 'ஆர்டர் வாங்காதே, காசு பாவம்'னு நான் சொன்னா அது அநியாயம். அந்த சங்கத்துல வந்த காசு எத்தனையோ வீட்ல அடுப்பு எரிய வெச்சுது. தேவைப்படறவங்க விக்கட்டும், நல்ல வெலைக்கு விக்கட்டும். நம்ம ஊரையே எடுத்துக்குங்களேன், காகிதத்தை ஊறவெச்சு இடிச்சுக் கூழாக்கி பொம்மை செய்யறாங்க இங்க. திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைன்னு புவிசார் குறியீடே வாங்கியாச்சு. கழிவுலேருந்து வர்றதுதான் அதுவும். அது தொழில், அந்தக் குடும்பங்களோட சோறு. அங்க போயி 'எவ்ளோ?'ன்னு கேக்கறது மரியாதை. எங்கிட்ட கேக்கறது வேற. நான் கடை வெக்கல.

கடை வெக்காமலும் பெரிசா ஒண்ணு நடக்கும்ங்கறதுக்கும் பக்கத்துலயே ஆள் இருக்கு. 2004 சுனாமிக்கு அப்புறம் ஆரோவில்ல உபாசனா டிசைன் ஸ்டூடியோக்காரங்க, மீனவ கிராமத்துப் பெண்களுக்கு மிஞ்சின துண்டுத்துணியில குட்டிப் பொம்மை செய்யக் கத்துக்குடுத்தாங்க. பேரு சுனாமிகா. வெரல் அளவுதான் இருக்கும். அதை விக்கறதில்ல, குடுப்பாங்க. விரும்பினவங்க குடுக்கற நன்கொடையிலதான் பெண்களுக்குக் கூலி. கடலைப் பாக்கவே பயந்துக்கிட்டிருந்தவங்க கைக்கு ஒரு வேலை குடுத்துச்சு அது. லட்சக்கணக்குல ஒலகம் பூரா போயாச்சு. விலைச்சீட்டு ஒட்டியிருந்தா இவ்ளோ தூரம் போயிருக்குமான்னு எனக்கு சந்தேகந்தான்.

என் வீட்டு விஷயத்துக்கு வர்றேன். அத்தை போன பிறகு பதினாலு புடவை மிஞ்சிச்சு. பட்டு ரெண்டு, அது நாத்தனாருங்களுக்குப் போயிடுச்சு. மீதி பன்னெண்டும் நூல் புடவை. யாருக்கும் வேணாம், தூக்கிப்போடவும் மனசில்ல. எல்லார் வீட்லயும் இருக்கற மூட்டைதானே அது. ஒரு நாள் அவுத்து விரிச்சேன். புடவைய வெட்டப் போறப்பதான் தெரியும், ஒரு மனுஷி எப்படி வாழ்ந்தான்னு. உக்கார்ற எடம் இழை விட்டுப்போயி வலை மாதிரி இருக்கு. கீழ்ஓரம் பூரா தேஞ்சு போச்சு. முந்தானை முனையில அடுப்படிக் கறை, எத்தனை தோய்ச்சாலும் போகல. உள்சுத்து மட்டும் வாங்கின அன்னிக்கு இருந்த நிறத்துலயே இருக்கு. அந்தப் பக்கமாத்தான் வெட்டினேன். கறைத்துண்டு ஒண்ணே ஒண்ணை வேணும்னே சேத்தேன்.

சின்னவன் பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு துண்டா எடுத்து, "இது ஆயா நம்மள ஸ்கூல்ல விட வந்தப்ப கட்டினது"ங்கறான். எனக்கே ஞாபகம் இல்ல. பெரிய நாத்தனார் ஃபோட்டோவைப் பாத்துட்டு போன்ல அரைமணி நேரம் பேசினாங்க. அத்தையோட சண்டையிட்டு ரெண்டு வருஷம் வீட்டுப் படி மிதிக்காதவங்க. "அந்த மாம்பழக் கலரு நான் மொத சம்பளத்துல வாங்கிக் குடுத்தது அண்ணி"ன்னு சொல்லிட்டு அப்புறம் பேச்சே வரல. எங்களுக்குள்ளயும் அப்படி ஒண்ணும் பெரிய ஒட்டுதல் இருந்ததில்ல. அந்தப் போர்வை இப்ப அவங்க வீட்ல இருக்கு. அதையும் ஒருத்தங்க பாத்துட்டு, எங்க வாங்கினீங்க, எவ்ளோன்னு கேட்டாங்களாம்.

விடுதிக்காரங்களுக்கு 'முடியாதுங்க'ன்னு சொல்லி அனுப்பிச்சாச்சு. வெள்ளை நீலத்துல எந்த மிஷினும் தைக்கும், அவங்களுக்கு என் கை தேவையில்ல. பாப்பா ஃபீஸுக்கு சீட்டு எடுத்தோம். ரங்கமணி ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தார். மூணாம் நாள் அவரோட பழைய வேட்டி நாலு மிஷின் மேல இருந்துச்சு. கேட்டா, பீரோல எடம் அடைக்குதுன்னார்.

இப்ப கையில இருக்கறது சின்ன நாத்தனாருக்கு. அத்தை புடவையில மிச்சம் அஞ்சுதான், அதனால மீதிக்கு புதுச்சேரி சண்டே மார்க்கெட்டுல காந்தி வீதி நடைபாதையில கட்பீஸ் பொறுக்கிட்டு வந்தேன். ஒட்டு முடிஞ்சுது. கைத்தையல் பாதி. மார்கழிக்குள்ள ஓரம் கட்டணும்.

டிஸ்கி: ரங்கமணி என் எழுத்தையெல்லாம் படிக்கறதில்ல. படிச்சாலும் அந்த முப்பதாயிரத்தைத் தவிர வேற எதுவும் அவர் கண்ணுல படாது :-)