பையில் ஒரு சிறு விளக்கு

தெற்கு அந்தமானின் பெரார்கஞ்ச் வட்டத்தில் வாழும் நமக்கு மாலைப்பொழுது முந்தியே முடிந்துவிடுகிறது. இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம். அது 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது. நம் தீவோ அதற்கும் கிழக்கே ஏறத்தாழ 10 பாகை தள்ளி அமைந்துள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். டிசம்பர் தொடக்கத்தில், சென்னையில் இருக்கும் நம் தாத்தா பாட்டி மாலை 5.30 மணிக்கும் வெயிலைக் காண்பர். இங்கு 5 மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடுவான்.

நம் வட்டத்தில் மலையேற விரும்புவோர் பெரும்பாலும் ஹாரியட் மலைக்கே செல்கின்றனர். 2021இல் அதற்கு மணிப்பூர் மலை என்று பெயர் மாற்றப்பட்டது. அங்கிருந்து கலாபத்தர் வழியாக மதுபன் கடற்கரை நோக்கிக் காட்டுப்பாதை இறங்குகிறது. ஓங்கிய மரங்களின் அடியில், வானம் வெளுத்திருக்கும்போதே தரை இருண்டுவிடும். வேர் எது, கல் எது என்று தெரியாது. ஆகவே, காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்ப எண்ணுவோரும் கைவிளக்கு ஒன்றைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது என் கருத்து.

"கைப்பேசியில்தான் விளக்கு இருக்கிறதே!" என்று சிலர் கூறுவர். அதை நான் ஏற்கவில்லை. காட்டினுள் அலைவரிசையைத் தேடித்தேடியே கைப்பேசியின் மின்சாரம் குறைந்துவிடும். எஞ்சியதையும் விளக்காக எரித்துவிட்டால், கால் பிசகிய நேரத்தில் உதவிக்கு யாரை அழைப்பது?

எத்தகைய விளக்கை வாங்குவது? கடையில் நம் கண்ணைக் கவர்வது பேரொளி வீசும் விளக்கே. ஆனால் அது விரைவில் சூடேறி, விரைவில் அணையும். மழையிலும் மூடுபனியிலும் அதன் ஒளி நம் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். அடுத்த அடியை எங்கே வைப்பது என்று அறிய 30 லூமன் அளவு ஒளி போதும். அது பல மணி நேரம் நீடிக்க வேண்டும் என்பதே முதன்மையானது. எடையையும் பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள பழைய டார்ச்சின் இரண்டு பெரிய மின்கலங்களே ஏறத்தாழ 200 கிராம் இருக்கும். பென்சில் பேட்டரி ஒன்று 25 கிராமுக்கும் குறைவு. சிற்றூர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். பொத்தான் பேட்டரியில் எரியும் விளக்கு இன்னும் இலேசானதுதான். எனினும் அந்தப் பேட்டரி எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை என்பதால் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நம் தீவின் மழையை மறக்கலாகாது. விளக்கின் உறையில் ஐபிஎக்ஸ்4 என்று இருந்தால் அது நீர்த்தெறிப்பைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடாது. விலை சற்றுக் கூடினாலும் பின்னதே நமக்கு ஏற்றது. நெற்றியில் பட்டையாகக் கட்டும் வகை கிடைத்தால் மிக நன்று. வேரைப் பற்றி இறங்கவும், காலில் ஏறிய அட்டையை அகற்றவும் இரு கைகளும் வேண்டுமல்லவா?

பொத்தானையும் கடையிலேயே அழுத்திப் பார்க்க வேண்டும். மலையில் வழி தவறியோர் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஒளி காட்டி, அடுத்த நிமிடம் நிறுத்தி, மீண்டும் காட்டுவது உலகெங்கும் அறியப்பட்ட ஆபத்துக் குறிப்பு. நிமிடத்திற்கு மூன்று முறை ஒளி தோன்றினால் அது மறுமொழி. ஓர் அழுத்தில் எரிந்து, மறு அழுத்தில் அணையும் எளிய விளக்கிலேயே இது எளிதாகும். அழுத்தும்தோறும் நிறமும் வேகமும் மாறும் விளக்குகள் வேடிக்கைக்கே உரியவை.

வாங்கிய விளக்கைப் பேட்டரியுடன் அலமாரியில் போட்டுவைத்தால், பேட்டரி கசிந்து, நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளிருக்கும் உலோகமும் அரித்துப்போகும். பேட்டரியைக் கழற்றி, விளக்குடன் ஒரே உறையில் வைத்திருங்கள். புறப்படும் நாள் காலையில் பொருத்தி, ஒருமுறை எரியவைத்துப் பார்த்தபின் பையில் இடுங்கள்.