தகுதிப் புரட்டும் தலைவிதிப் புரட்டும்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியாகும் காலத்தில் நமது ரெட்டியார்பாளையத்தில் வருஷந்தோறும் இரண்டுவிதப் பேச்சுகள் கேட்பதுண்டு. கல்லூரியில் இடம் கிடைத்தவன் வீட்டில், “பிள்ளைக்குத் தகுதி இருந்தது, கிடைத்தது” என்பார்கள். கிடைக்காதவன் வீட்டில், “தலையில் எழுதினது அவ்வளவுதான்” என்பார்கள். இவ்விரண்டும் ஒரே புரட்டின் இரண்டு முகங்கள் என்பதை எடுத்துக்காட்டவே இதை எழுதுகின்றோம்.

முதலில் தகுதியைப் பார்ப்போம். கோரிமேட்டிலுள்ள ஜிப்மர், 1823-இல் பிரெஞ்சுக்காரர் வைத்த வைத்தியப் பள்ளியின் வழி வந்தது. நம் ஊரிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். நோயாளியாக அதற்குள் நுழையாத குடும்பம் நம் ஊரில் அநேகமாக இராது. மாணவனாக நுழைந்த குடும்பம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். 2019 வரை அதற்குத் தனிப் பரீட்சை. 2020 முதல் நீட். மூன்று மணி நேரம், 180 கேள்வி, 720 மார்க்கு. இதுதான் தகுதியை நிறுக்கும் தராசாம்! தமிழ்நாட்டில் நீதிபதி ஏ.கே. ராஜன் கமிட்டி 2021-இல் கொடுத்த அறிக்கைப்படி, 2016-17-இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதிச் சேர்ந்தவர் 100-க்குச் சுமார் 12 பேர். 2020-21-இல் அது 71 பேர். ஒரு வருஷம், இரண்டு வருஷம் வேலை வெட்டியின்றி உட்கார்ந்து, லட்சக்கணக்கில் பணம் கட்டிப் படிக்க யாரால் முடியும்? கொத்தனார் மகனாலா? மீன் கூடை சுமப்பவள் மகளாலா? ஒரு மாட்டிற்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வைத்து வளர்த்து, மற்றொன்றை வைக்கோலுக்கும் வழியின்றி நாளெல்லாம் ஏரில் கட்டிவிட்டு, மாலையில் இரண்டையும் பந்தயத்தில் விட்டு, “பார், இதற்குத்தான் தகுதி” என்றால், அதைச் சொல்லுபவனை என்னவென்பது?

அந்தத் தராசுதான் நேர்மையானதா? 2023-ஆம் வருஷம் மருத்துவ மேற்படிப்புக்குரிய நீட் பரீட்சையில், தகுதிக்கான அளவைச் சர்க்காரே பூஜ்யமாக்கிவிட்டது. அதாவது பரீட்சைக்கு உட்கார்ந்தாலே தகுதி வந்துவிட்டது! 2024-இலோ, இளநிலை நீட் கேள்வித்தாள் பாட்னாவிலும் ஹசாரிபாக்கிலும் முன்கூட்டியே வெளிப்பட்டு, சி.பி.ஐ. விசாரணை வரை போயிற்று. ஏழைப் பிள்ளைக்கு இடம் கேட்டால் “தகுதி போச்சே” என்று அலறும் கனவான்கள் அப்போது எங்கே போயிருந்தார்கள் என்று கேட்கின்றோம்.

இக்கூச்சல் புதிதல்ல. சென்னை மாகாணத்தில் 1928 முதல் உத்தியோகத்திலும், பின்னர் கல்லூரியிலும் வகுப்புவாரி உத்தரவு நடந்துவந்தது. 1950-இல் ஐக்கோர்ட்டும், 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் கல்லூரி விஷயத்தில் அதைச் செல்லாதென்றன. மருத்துவக் கல்லூரி இடம் சம்பந்தமாக வழக்குப் போட்ட அம்மையாரோ அக்கல்லூரிக்கு மனுவே போட்டவரல்லர்! மக்கள் கிளர்ந்தெழுந்ததனாலேயே அதே வருஷம் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. கேட்டதனால் கிடைத்ததேயொழிய, எவரும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல.

இன்றைக்கும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2020-இல் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கப்பட்டது. அதற்கு முன் நீட் மூலம் விரல்விட்டு எண்ணும்படியே மருத்துவத்திற்குள் புகுந்த அப்பிள்ளைகள், அவ்வருஷமே 300-க்கு மேல் புகுந்தார்கள். நமது புதுவையில் 2020-இலேயே மந்திரிசபை தீர்மானித்த 10 சதவீதம், டில்லிக்கும் இங்குமாக அலைந்து 2023-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரே ராத்திரியில் இப்பிள்ளைகளின் மூளை வளர்ந்துவிட்டதா? தலையெழுத்து அழித்து எழுதப்பட்டதா? ஒன்றுமில்லை. கதவு திறந்தது, உள்ளே போனார்கள்.

நிற்க, தலைவிதிக்கு வருவோம். பரீட்சைக்கு முன் திருவந்திபுரத்திற்கும் முத்தியால்பேட்டைக்கும் பேனாவைக் கொண்டுபோய்க் குதிரைமுகச் சாமியின் முன் வைக்கும் தாய்மார்களே! பரீட்சை எழுதப்போவது பேனாவா, பிள்ளையா? லட்சம் லட்சமாய் வாங்கும் பயிற்சிக் கடைக்காரன் ஒருவனாவது, “பீஸ் வேண்டாம், பூசை போதும்” என்று சொல்லுகிறானா? அவனுக்குத் தெரிந்த உண்மை உங்களுக்கு மட்டும் தெரியாமற் போவானேன்?

நாம் எட்டாவதோடு நின்று, படிப்பகத்துப் பத்திரிகைகளைப் படித்தே எழுத்துக் கற்றவர்கள். ஆதலால் ஒன்று சொல்லுகின்றோம். நமக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவரின் மகள் நல்ல மார்க்கே வாங்கினாள். ஒரு சான்றிதழுக்காகத் தகப்பனார் நாலு நாள் கூலியை விட்டு நடந்தார். தாள் கைக்கு வந்தபோது மனுவின் கெடு தீர்ந்துபோயிருந்தது. அப்பெண் அவ்வருஷம் துணிக்கடையில் நின்றாள். இதிலே விதி எங்கே இருக்கிறது? ஒரு தாள் ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் விதி மாறியிருக்குமே!

ஆகவே தோழர்களே, சர்க்காரைக் கேட்பது ஒருபுறம் நடக்கட்டும். நம் கையிலிருப்பதை இன்றே செய்வோம். தெருவுக்கு ஒரு படிப்பகத்தில் மாலை இரண்டு மணி நேரம் விளக்கெரியட்டும். கல்லூரியில் படிக்கும் வாலிபர்கள் வந்து கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்கட்டும். பதினோராம் வகுப்பிலேயே ஜாதி, குடியிருப்பு, வருமானச் சான்றிதழ்களுக்கு வழி செய்யட்டும். வருமானச் சான்றிதழ் பழையதாய்விட்டால் மனுவுக்கு முன் புதிதாய் வாங்கட்டும். சென்டாக் மனுவைப் பக்கத்திலிருந்து நிரப்பித் தரட்டும். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் 2022-இல் அகில இந்தியப் பொது நுழைவுப் பரீட்சை புகுந்ததையும், காரைக்காலில் விவசாயக் கல்லூரி இருப்பதையும், தொழிற்கல்விக்குக் காமராஜர் பெயரால் சர்க்கார் பண உதவி உண்டென்பதையும் வீடு வீடாய்ச் சொல்லட்டும். டாக்டர் படிப்பு ஒன்றே படிப்பு என்னும் மூடநம்பிக்கையும் இதோடு ஒழியட்டும். சேரிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும், இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவனும், முக்கியமாய்ப் பெண்பிள்ளைகள், ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கட்டும். அப்படி உட்கார மறுப்பவன் பிள்ளை படிக்காமற் போனால், அதற்கு மட்டும் வேண்டுமானால் தலைவிதி என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

பூசைக்கென்று முடிந்து வைத்த காசைப் புத்தகத்திற்குக் கொடுக்க எத்தனை பேர் முன்வருகிறீர்கள்? அதைத்தான் நாம் கேட்கின்றோம்.