டேக்ல பச்சை இலை, ஆத்துல சாயம்!

வெளிநாட்டு பிராண்ட் பனியன் டேக்ல ஒரு பச்சை இலை இருக்கும், பார்த்திருப்பீங்க. அதுல எத்தனையோ பனியனுக்குச் சாயம் ஏத்துன ஊர் நம்ம திருப்பூர் மக்களே!

பாசனத்துக்குன்னு 1992-ல கட்டின ஒரத்துப்பாளையம் அணையில சாயக்கழிவு தேங்கி, "இந்தத் தண்ணியே வேண்டாம்"னு விவசாயிங்களே சொன்னாங்க. 2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டுச்சு.

இன்னைக்கு ஒரு சொட்டு கழிவுநீரும் வெளிய விடக்கூடாது. சரியான சட்டம்தான். ஆனா உப்பைப் பிரிச்சு ஆவியாக்குற செலவு யார் தலையில? பட்டறைக்காரர் தலையில. பையர் சர்டிஃபிகேட்டும் கேட்பார், பீஸுக்கு ரெண்டு ரூபா குறைக்கவும் சொல்வார். (நல்லா இருக்குல்ல நியாயம்?) மழை ராத்திரியில கழிவைத் திறந்து விடுறவன் குற்றவாளி. அவனை அந்த விலைக்குத் தள்ளினவன் மட்டும் உத்தமனா?

சுத்திகரிப்புச் செலவை ஆர்டர்லயே தனியா எழுதிக் குடுக்கணும். அந்த பிராண்டுகளோட பக்கத்துலயே போய்க் கேளுங்க: "பீஸுக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

#நொய்யலுக்கு_பதில்_சொல்