ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாமா?

"இங்கிலீஷை இங்கிலீஷில்தான் நடத்த வேண்டும்." தமிழ்நாட்டில் ஆங்கில ஆசிரியர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் முதலில் வருவது இந்த வாசகம்தான். அப்புறம் வகுப்பறைப் பக்கம் எட்டிப் பார்த்தால், அதே ஆசிரியர் பாடத்தில் இரண்டு வரி படித்துவிட்டு, "அதாவது என்ன சொல்றான்னா..." என்று தமிழுக்குத் தாவியிருப்பார். தாவியதில் தப்பில்லை. தப்பு என்று நினைத்துக்கொண்டே தாவுகிறார்களே, அங்கேதான் சிக்கல். இன்ஸ்பெக்ஷன் அன்று மட்டும் தமிழ் வகுப்பை விட்டு வெளியே போய்விடும். மறுநாள் திரும்பி வந்துவிடும். ஒளித்துச் செய்கிற காரியம் என்பதால் எப்போது தமிழ், எதற்குத் தமிழ், எவ்வளவு தமிழ் என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதே இல்லை.

தமிழே கூடாது என்பவர்களை லேசில் ஒதுக்கிவிடவும் முடியாது. சின்ன ஊரில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் காதில் விழாது. வீட்டில் தமிழ், பஸ்ஸில் தமிழ், கடையில் தமிழ். அந்த 45 நிமிட பீரியடிலும் தமிழ்தான் என்றால் பிள்ளைகள் ஆங்கிலத்தை எங்கேதான் கேட்பார்கள்? நியாயமான கேள்வி. சென்னை, ஓசூர் மாதிரி ஊர்களில் ஒரே வகுப்பில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதும் உண்மை.

எதிர்ப்பக்கத்து ஆசிரியர்கள் சொல்வதையும் கேளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு பி.காம். சேருகிற மாணவனுக்கு முதல் வருடம் புதிதாக இருப்பது அக்கவுண்டன்சி அல்ல, வகுப்பில் பேசப்படும் மொழி. முழுக்க ஆங்கிலத்திலேயே நடத்தினால் முதல் பெஞ்சில் நாலு பேர் தலையாட்டுவார்கள், மற்றவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். சந்தேகம் கேட்கவே ஆங்கிலம் வேண்டும் என்றால், ஆங்கிலம் வராதவன் சந்தேகத்தை எந்த மொழியில் கேட்பான்? கேட்க மாட்டான். மூன்று வருடமும் கேட்காமலே போய்விடுவான்.

இந்த "தாய்மொழி கூடாது" சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேற்கு நாடுகளில் பரவிய நேரடி முறைதான் இதற்கு மூலம். பல தேசத்துக்காரர்கள் கலந்து உட்கார்ந்த வகுப்புகளும், மாணவர்களின் மொழி தெரியாத ஆசிரியர்களும் இருந்த இடங்களில் அது நன்றாகவே பொருந்தியது. வேறு வழியும் இல்லை! 1961-ல் உகாண்டாவின் மகெரெரேயில் காமன்வெல்த் நாடுகளின் மாநாடு ஒன்று நடந்தது. ஆங்கிலம் கற்பிப்பதில் அப்போது வேரூன்றிய ஐந்து நம்பிக்கைகளை ராபர்ட் பிலிப்சன் 1992-ல் தன் புத்தகத்தில் பட்டியல் போட்டு மறுத்தார். ஆங்கிலத்தை ஆங்கிலம் மட்டுமே கொண்டு கற்பிப்பது சிறந்தது என்பதும் அதில் ஒன்று. தமிழ் தெரியாத வெள்ளைக்கார வாத்தியாருக்கு அந்தச் சட்டம் வசதி. தமிழ் தெரிந்த ஆசிரியர் தெரியாத மாதிரி நடிப்பதுதான் வேடிக்கை.

ஒரு உதாரணம். 'அன்லெஸ்' என்ற சொல்லில் நம் ஊரில் விழாதவர்கள் குறைவு. 'அன்லெஸ் ஹி கம்ஸ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'அன்லெஸ் ஹி டஸ் நாட் கம்' என்று எழுதுவார்கள். ஆசிரியர் சிவப்பு மையில் அடித்து மார்க் குறைப்பார். அடுத்த பரீட்சையில் அதே தப்பு திரும்ப வரும். ஏன்? மாணவன் மனதில் ஓடுவது "அவன் வராவிட்டால்". தமிழில் 'இல்லை' என்பது வினைச்சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அது 'அன்லெஸ்' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. மாணவன் இரண்டு இடத்திலும் வைத்துவிடுகிறான். இரண்டு வாக்கியத்தையும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, 'இல்லை' எங்கே இருக்கிறது என்று வட்டம் போட்டுக் காட்ட இரண்டு நிமிடம் போதும். தமிழைத் தொடவே மாட்டேன் என்கிற ஆசிரியரால் தப்பைத் திருத்த முடியும், அது எங்கிருந்து முளைக்கிறது என்று காட்ட முடியாது.

வணிகவியல் பக்கமும் இதே கதைதான். தமிழ் வழிப் பாடப்புத்தகத்தில் டெபிட் என்றால் பற்று, கிரெடிட் என்றால் வரவு. ஆனால் 'கிரெடிட் சேல்ஸ்' வந்தால் கடன் விற்பனை, 'கிரெடிட் கார்டு' வந்தால் கடன் அட்டை! வரவும் கடனும் எப்படி ஒரே சொல் ஆயிற்று என்று குழம்பி, வணிகக் கடிதத்தில் லோன், டெட், கிரெடிட் மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுவார்கள். இங்கே ஒரு தமிழ் வாக்கியம் சொன்னால் குறைந்தா போய்விடும்?

அதற்காக இப்போது பல வகுப்புகளில் நடப்பது சரி என்று ஆகாது. பாடம் முழுவதையும் தமிழில் கதையாகச் சொல்லிவிட்டு, கேள்வி பதிலை ஆங்கிலத்தில் எழுதிப் போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்வது தாய்மொழியைப் பயன்படுத்துவது ஆகாது. அங்கே மாணவன் ஒரு ஆங்கில வாக்கியத்தோடுகூட மல்லுக்கட்டுவதில்லை. கதை தமிழில் தெரியும், பதில் மனப்பாடமாகத் தெரியும், நடுவில் ஆங்கிலம் மட்டும் தெரியாது. மார்க்கும் வந்துவிடும். வேலைக்கான இண்டர்வியூவில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்கிறபோதுதான் விஷயம் வெளியே வரும்.

சி.ஜே. டாட்சன் 1967-லேயே 'இருமொழி முறை' என்று ஒன்றை வகுத்துப் புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் தாய்மொழியை ஆசிரியர் வாக்கியத்தின் பொருளைச் சட்டென்று புரியவைக்கப் பயன்படுத்துவார். அதற்குப் பிறகு பயிற்சி எல்லாம் கற்கும் மொழியிலேயே. பொருள் விளக்கத்தில் மிச்சமாகும் நேரம் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறது. 45 நிமிடம் போதவில்லை என்று கவலைப்படுகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு முதலில் பிடிக்க வேண்டும். இந்தியாவில் 2005-ல் வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் பிள்ளைகளின் மொழிகளை வகுப்பறையின் வளமாகப் பார்க்கச் சொன்னது.

சொன்னது வகுப்பறைக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு விஷயம். தமிழில் பேசினால் ஃபைன் போடுகிற பள்ளிகளில் பிள்ளைகள் ஃபைனிலிருந்து தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். டீச்சர் பக்கத்தில் இருக்கும்வரை எந்த மொழியிலும் வாயைத் திறப்பதில்லை.