அது யாருடைய எலும்பு?



மாங்காட்டில் ஆறாம் வகுப்புப் பயிலும் ஒரு சிறுமி, ஒரு நாள் மாலை பள்ளியிலிருந்து திரும்பியதும் உணவைத் தொடவில்லை. அன்று அறிவியல் வகுப்பில் ஆசிரியை மனித எலும்புக்கூடு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். ஒரு மாணவன் அதன் கையைப் பிடித்துக் குலுக்க, வகுப்பே சிரித்ததாம். இவள் சிரிக்கவில்லை. "அது யாரோட மய்யித்து, நன்னிமா?" என்று இரவில் பாட்டியாரிடம் கேட்டாள். "ராத்திரியிலே அதெல்லாம் பேசாதேம்மா" என்று அவர் போர்த்திப் படுக்க வைத்துவிட்டார்.

சிறுமியின் கேள்வியை அப்படிப் போர்த்தி மூடிவிடலாகாது என்பது என் எண்ணம்.

அவள் பள்ளியில் கண்டது பிளாஸ்டிக்கால் ஆனது; யாருடைய மய்யித்தும் அன்று. இதை ஆசிரியை முதலிலேயே சொல்லியிருந்தால் பிள்ளை பட்டினி கிடந்திராள். ஆனால் எல்லாக் காலத்திலும் பிளாஸ்டிக் இருந்ததில்லை. உலகின் பல நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் தொங்கிய எலும்புக்கூடுகளுள் பெரும்பாலானவை ஒரு காலத்தில் நம் இந்தியாவிலிருந்தே சென்றன. கல்கத்தா அவ்வணிகத்தின் தலைவாசல். அடக்கத்திற்கும் தகனத்திற்கும் வழியற்ற ஏழைகளின் உடல்களும், அடக்கத்தலங்களிலிருந்து களவாடப்பட்ட உடல்களும் அங்கே சரக்காயின. 1985ஆம் ஆண்டில்தான் இந்திய அரசு அந்த ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. மரித்தவரின் எலும்புக்குச் செய்யும் ஊறு உயிருள்ளவருக்குச் செய்யும் ஊறுக்கு ஒப்பானது என எச்சரித்த பெருமானார் (ஸல்) அவர்களின் உம்மத்தினரான நமக்கு, இச்செய்தி நெஞ்சில் தைக்க வேண்டும்.

அப்படியாயின் எலும்பைப் பார்த்துக் கற்பதே தகாதா? அன்று. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் நடந்த ஒரு பாடத்தைக் கேளுங்கள்.

பாக்தாதில் 1162இல் பிறந்த அப்துல் லத்தீஃப் என்னும் அறிஞர், 1200ஆம் ஆண்டில் தொடங்கிய கொடும் பஞ்சத்தின்போது எகிப்தில் இருந்தார். அவரிடம் மருத்துவம் பயின்ற மாணவர்களுக்கு, உடற்கூறு பற்றி நூலில் படித்தது விளங்கவில்லை. கெய்ரோவை அடுத்த மக்ஸ் என்னுமிடத்தில் பஞ்சத்தில் மடிந்தோரின் எலும்புகள் குன்றெனக் குவிந்து கிடந்தன. மாணவர்களுடன் அங்கே சென்றார். அரபு நூல்கள் ஜாலீனூஸ் என்றழைக்கும் கிரேக்க மருத்துவ மேதை கேலன், கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளாக அதுவே வேதவாக்கு. கேலன் அறுத்து ஆராய்ந்தவை பெரும்பாலும் விலங்குகள்! அப்துல் லத்தீஃபோ இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைக் கண்டார். பிறரையும் பார்க்கச் சொன்னார். தாடை ஒரே எலும்பு, பொருத்துவாயே இல்லை. கேலன் எத்துணை பெரியவராயினும் கண்கண்ட சான்றே அவரினும் நம்பத்தக்கது என்று துணிந்து எழுதிவைத்தார்.

அந்த எலும்புகள் பசியால் மாண்டவர்களுடையவை என்பதை அவர் மறக்கவில்லை. பஞ்சத்தின் கொடுமையையும் அதே நூலில் விரிவாகப் பதித்துள்ளார். அறிவும் இரக்கமும் அங்கே ஒரே பக்கத்தில் அமர்ந்திருக்கின்றன.

நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் இப்பாடத்தை அச்சமின்றித் தொடங்கலாம். வளர்ந்த மனிதருக்கு எலும்புகள் 206. அவற்றில் ஒரு கையில் மட்டும், மணிக்கட்டையும் சேர்த்து, 27. தஸ்பீஹ் எண்ணும் விரல்களையே தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு காதருகே விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னால், தாடை அசையும் கீல் தட்டுப்படும்.

இதையெல்லாம் அந்தச் சிறுமிக்குச் சொன்னபோது, தன் தாடையை ஒரு காது முதல் மறு காது வரை தடவிப் பார்த்தாள். "ஒண்ணுதான்" என்றாள். பிறகு தொட்டிலில் கிடந்த தம்பியைப் பார்த்தாள். அவன் பிறந்து நாற்பது நாள் ஆகவில்லை. பச்சிளங் குழந்தைக்குக் கீழ்த்தாடை இரண்டு துண்டுகளாகத்தான் இருக்கும். முதல் ஆண்டுக்குள் ஒன்றாகிவிடும் என்றேன்.

"அப்போ தம்பி வரைக்கும் ஜாலீனூஸ் சொன்னது சரிதான்!" என்று சிரித்துவிட்டு, உணவுண்ணச் சென்றாள்.