பிழையின் காரணம் தேர்தல்

நேற்று நடைபெற்ற காரியம் இன்று நடைபெறாதொழியின், இடையில் மாறியது யாது என வினவுதலே அறிவுடையார் செயலாகும். நம்மிற் பலரோ, "கெடுத்தவன் யார்?" என்றே முதற்கண் வினவுகின்றனர். முன்னைய வினா காரணத்தைக் காட்டும். பின்னையது பெரும்பாலும் எளியவன் ஒருவனைக் காட்டும். வலையமைப்பில் இணைந்த கணினிகளுக்குள் கோப்புப் பகிர்வு தடைப்படுங்கால் கைக்கொள்ளத்தக்க முறை யாது என்பது பற்றி எம் கருத்தை ஈண்டுக் கூறப் புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்கு இதில் என்ன வேலை என்பார்க்கு விடை பின்னர் வரும்.

ஒத்தக்கடையை அடுத்து, 2004ஆம் ஆண்டு முதல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயங்கி வருகின்றது. மனுக்களைத் தட்டச்சுச் செய்து தரும் கடைகள் இப்பக்கத்தில் உள. அவற்றுள் ஒன்றில் நிகழ்ந்ததை யாம் அறிவோம். அக்கடையின் கோப்புகள் யாவும் பழைய சேமிப்புப் பெட்டியொன்றில் இருந்தன. கணினிகள் லினக்ஸ் முறைமையில் இயங்கின. வேலை பார்க்கும் இளைஞன் ஒரு கணினியின் முறைமையைப் புதுப்பித்தான். மறுநாட் காலை அக்கணினியில் பெட்டி திறக்கவில்லை. "எதிர்க்கணினி இயங்கவில்லை" என்னும் பொருள்படப் பிழை 112 தோன்றியது. "நீ தொட்ட பிறகுதானே தம்பி எல்லாம் போச்சு!" என்றார் கடைக்காரர். "அண்ணாச்சி, பெட்டியில் விளக்கு எரிகிறது, ஃபைல் உள்ளேதான் இருக்கும்" என்றான் அவன். அச்சொல் ஏறவில்லை. அம்மாதச் சம்பளம் நிறுத்தப்பட்டது.

உண்மை வெளிப்பட்ட வழி எளிது. முறைமையின் உள்ளே நின்று, கருவிகளையும் செயலிகளையும் இணைத்து ஆள்வதைக் கர்னல் என்பர். முறைமையைப் புதுப்பிக்குங்கால் பழைய கர்னல் பெரும்பாலும் உடனே நீக்கப்படுவதில்லை. கணினி தொடங்கும்போது பட்டியலில் அதனைத் தெரிந்துகொள்ளலாம். கடைக்கு வந்த பொறியியல் மாணவர் ஒருவர், வேறெதனையும் மாற்றாது, பழைய 4.4 கர்னலைத் தெரிந்து தொடங்கினார், பெட்டி திறந்தது. புதிய 4.15 கர்னலில் தொடங்கினார், மூடிக்கொண்டது. இருமுறை செய்தும் முடிவு ஒன்றே. கம்பியும் பெட்டியும் கோப்பும் குற்றமற்றவை என்பதும், இளைஞன் எதனையும் அழித்திலன் என்பதும் கால்மணி நேரத்தில் விளங்கின.

காரணம் யாதெனின், கணினிகள் கோப்புகளைப் பரிமாறுதற்கு எஸ்.எம்.பி. என்னும் நெறிமொழி ஒன்று உண்டு. அதன் முதற்பதிப்பில் இருந்த ஓட்டை வழியே 2017 மே 12 அன்று வானாகிரை என்னும் கேடு பல நாடுகளிற் பரவி, இங்கிலாந்தின் மருத்துவமனைகளையும் நிலைகுலைத்தது. அது தாக்கியது விண்டோஸ் கணினிகளையே. எனினும் முதற்பதிப்பு இனி நம்பத்தக்கதன்று என்பது எங்கும் உணரப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த லினக்ஸ் 4.13 கர்னல், நாம் ஒன்றும் குறிப்பிடாவிடின் முதற்பதிப்பைப் பேசாது மூன்றாம் பதிப்பையே பேசுமாறு மாற்றப்பட்டது. நவம்பரில் வந்த 4.14, 2.1 முதலான பதிப்புகளுள் இருபாலார்க்கும் பொதுவான உயர்ந்ததைத் தேர்ந்தது. முதற்பதிப்பு ஒன்றையே அறிந்த பழம்பெட்டிகளோடு உரையாடல் அற்றுப்போயிற்று.

இதனை விளக்க ஒத்தக்கடை யானைமலையே சான்று தரும். அங்குள்ள நரசிங்கம் குடைவரையைப் பாண்டியன் அமைச்சன் மாறன்காரி கி.பி. 770 அளவில் அமைத்தான். அச்செய்தியைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு வட்டெழுத்தில் உள்ளது. கல் சிதையவில்லை, எழுத்தும் அழியவில்லை. ஆயினும் இன்று அதன்முன் நிற்பாருள் படிப்பவர் எத்துணையர்? மாறியது கல்லன்று, கண்ணே. பெட்டியின் நிலையும் அதுவே.

தமிழ் மாணவர்க்கு இதில் என்ன வேலை என்பார்க்கு இனி விடை கூறுவோம். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது, பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளை ஆராய்ந்தே. ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பிழை புகுந்த இடத்தைக் காண்டலும், கர்னல் கர்னலாக ஒப்பிட்டுக் காண்டலும் ஒரே நெறியின் இரு கிளைகள். ஒரு கர்னல் வெளியீட்டில் பதினாயிரத்திற்கு மேற்பட்ட மாற்றங்கள் சேர்தல் உண்டு. அவற்றை நடுவே பிளந்து, குற்றமுள்ள பாதியை மீண்டும் பிளந்து சென்றால், பதினான்கு சோதனைகளில் ஒரு மாற்றத்தை அடைந்துவிடலாம். கர்னல் அமைப்போர், குறை கூறுமுன் ஆகப் புதியதையும் சோதித்துவருக என்று வேண்டுவதும் இதுபற்றியே. நாம் கண்ட பிழை அதில் முன்னரே திருத்தப்பட்டிருத்தல் கூடும்.

"பழையது திறக்கிறதே, அதிலேயே இருந்துவிட்டால் என்ன?" என்பார் உளர். இதனை யாம் உடன்படோம். பழைய கர்னல் சோதனைக்குரிய உரைகல்லேயன்றிக் குடியிருக்கும் வீடன்று. பின்வந்த காப்புத் திருத்தங்கள் அதில் இல்லை. புதிய கர்னலிலேயே முதற்பதிப்பைப் பேசுமாறு வெளிப்படக் கட்டளையிடலாம். ஆனால் அதுவும், கோப்புகளைப் புதிய இடத்திற்கு மாற்றி முடிக்கும் வரையிற்றான், அப்பெட்டியை இணையத்தினின்று பிரித்து வைத்தே செய்யத்தக்கது. மற்றொன்று: 4.15 கர்னலின் செய்திக் குறிப்பில், இயல்பான பதிப்பு மாறியுள்ளது என்னும் எச்சரிக்கை எழுதப்பட்டேயிருந்தது. அக்கடையில் அதனை எவரும் படிக்கவில்லை. திரையில் வந்த ஒருவரியை நம்பி ஓர் இளைஞனைக் குற்றவாளியாக்கினர்.

ஆதலின், எம் துணிபு இது: ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக, மாற்றியதை எழுதி வைக்க, பழையதை உடனே அழியாதொழிக, புதியதைச் சோதித்தறிக, குறிப்பேட்டைப் படித்தபின் பேசுக. அவ்விளைஞனுக்கு நிறுத்திய சம்பளம் பின்னர்க் கிடைத்தது. பழிச்சொல் மட்டும் திரும்பப் பெறப்படவில்லை. நம் கல்லூரியினின்று அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் செல்லவிருக்கும் நாம், நமக்குக் கீழ் வேலை செய்வாரிடம் முதலிற் கேட்கும் வினா எது என்பதை இன்றே தெளிந்துகொள்ளுதல் நன்று.