மழையைத் தடுக்க மெழுகு போதாதா?

மழைக்கோட்டின் மேல் விழும் துளி முத்துப்போல உருண்டு ஓடுகிறதே, எப்படி? பெரும்பாலான கோட்டுகளில் பல ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துவந்தவை ‘பிஃபாஸ்’ எனப்படும் ஃப்ளோரின் வேதிப்பொருள்கள். கார்பனும் ஃப்ளோரினும் கட்டிக்கொண்டால் லேசில் பிரியாது. மண்ணிலும் நீரிலும் அப்படியே தங்கிவிடுவதால்தான் ‘நிரந்தர ரசாயனம்’ என்ற பெயர். அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏ, 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்ந்தது. மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் அதை வகைப்படுத்தியது.

இயற்கையில் வழி உண்டா?

தாமரை இலையில் தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை? இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின் மேல் மெழுகுப் படலம். அவ்வளவுதான். பறித்த பஞ்சின் நாரிலும் இயல்பாகவே மெழுகு உண்டு. சாயம் பிடிக்க வேண்டுமே என்று காரம் சேர்த்து வேகவைத்து அதை நீக்கிவிடுகிறோம். ஆட்டு ரோமத்திலும் ‘லனோலின்’ என்ற மெழுகு இருக்கிறது. ஆடு மேய்ப்பவர்கள் மழைக்குக் கம்பளியைக் கொங்காடை போட்டுக்கொண்டது சும்மா இல்லை.

நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் தேன்மெழுகை உருக்கித் தேய்த்து, சூடு காட்டினால் நாருக்குள் இறங்கிவிடும். தண்ணீர் துணியில் ஊறாமல் உருண்டுவிடும்.

அப்ப குறையே இல்லையா?

இருக்கிறது. தேன்மெழுகு சுமார் 62 டிகிரி செல்சியஸில் உருகும். வெந்நீரில் துவைக்கவோ இஸ்திரி போடவோ முடியாது. துணி விறைப்பாகும், காற்றோட்டம் குறையும், அவ்வப்போது மறுபடி பூச வேண்டும். முக்கியமாக, தண்ணீரைத் தள்ளும் மெழுகு எண்ணெயைத் தள்ளாது. ஃப்ளோரின் இரண்டையும் தள்ளும்.

கேள்வியே இங்குதான் இருக்கிறது. தீயணைப்பு வீரரின் உடைக்கு எண்ணெய்த் தடுப்பு தேவைப்படலாம். பள்ளிப் பைக்கும் குடைக்கும் எதற்கு? மழை மட்டும் போதும் என்ற இடத்தில் நிரந்தர ரசாயனத்தைப் பூசுவது, கொசுவை அடிக்கக் கடப்பாரை எடுப்பது போலத்தான்.

திருப்பூருக்கு என்ன?

கலிஃபோர்னியா 2025 ஜனவரி 1 முதலும், பிரான்ஸ் 2026 ஜனவரி 1 முதலும் சில விலக்குகளுடன் பிஃபாஸ் சேர்த்த ஆடைகளுக்குத் தடை விதித்துள்ளன. இரண்டுமே நம் ஏற்றுமதியாளர்கள் குறிவைக்கும் சந்தைகள். சாயக் கழிவால் நொய்யல் பட்ட பாட்டையும், 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்டதையும் அந்த ஊர் மறக்கவில்லை. வெளிநாட்டு வாங்குபவர் கேட்கும்வரை காத்திராமல், மாற்றுப் பூச்சுகளைச் சோதிக்க அரசும் ஜவுளி ஆய்வு நிறுவனங்களும் இப்போதே சிறு ஆலைகளுக்குக் கைகொடுக்க வேண்டும்.

வாங்குபவர்களும் லேபிளைக் கவனிக்கலாம். ‘பிஎஃப்ஓஏ இல்லை’ என்றால் பிஃபாஸே இல்லை என்று பொருளல்ல. ‘பிஃபாஸ் இல்லை’ என்றாலும் இயற்கையானது என்று ஆகிவிடாது. பெட்ரோலிய மெழுகாகவோ சிலிகானாகவோ இருக்கலாம். என்ன பூசியிருக்கிறது என்று கடையில் கேளுங்கள். கேட்கத் தொடங்கினால்தான் பதில் எழுதுவார்கள்.